கீரையும் அது குடித்த நீரும்

இரத்தசோகையுடன் வரும் தாய்மார்களுக்கு மருத்துவர் கூறும் முதல் அறிவுரைகளுள் ஒன்று, வாரத்தில் மூன்று நாளேனும் கீரை உண்ண வேண்டும் என்பது. அண்மைக் காலமாக அவ்வறிவுரைக்கு மறுமொழியாக ஒரு கேள்வி வருகிறது. "டாக்டர், கீரையெல்லாம் சாக்கடைத் தண்ணியிலதான் விளையுதுங்கிறாங்களே, அதைச் சாப்பிடலாமா?"

இக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட நம்மால் இயலாது. அதற்கு அஞ்சிக் கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லவும் இயலாது. அவ்வாறு நிறுத்துவதால் எந்த நச்சுக்கு அஞ்சினோமோ, அதற்கே உடல் இன்னும் மிகுதியாக இடம் கொடுக்கும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நோயாளரும் அவர்தம் வீட்டில் சமைப்போரும் சேர்ந்து இதைப் படிக்க வேண்டுகிறோம்.

நீர் வரும் வழி

மதுரை, கண்மாய்களின் ஊர். மழைநீரும் வைகை நீரும் வாய்க்கால் வழியே ஒரு கண்மாயில் நிறைந்து, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும்படி முன்னோர் அமைத்து வைத்தனர். நகரம் பெருகியபோது அதே வாய்க்கால்கள் வீட்டுக் கழிவுநீரையும் சுமக்கத் தொடங்கின. கிருதுமால் நதி இன்று நகருக்குள் பெரும்பாலும் கழிவுநீர்க் கால்வாயாகவே காட்சியளிக்கிறது. பந்தல்குடிக் கால்வாயின் நிலையும் அதுவே. செல்லூர்க் கண்மாயை ஒட்டிய கால்வாயில் மழை நாள்களில் வெண்ணுரை பொங்கி வழிந்ததைப் பலரும் கண்டிருப்பர். சலவைத்தூள் போன்ற பொருள்கள் நீரில் மிகுந்திருப்பதை அத்தகைய நுரை காட்டுகிறது.

கழிவுநீரைக் கொண்டு பயிர் வளர்ப்பது மதுரைக்குப் புதியதன்று. நகரக் கழிவுநீரைப் பாய்ச்சிக் கால்நடைகளுக்குப் புல் வளர்க்கும் பண்ணை அவனியாபுரத்தில் நெடுங்காலம் இருந்து வந்தது. கழிவுநீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. கோடையிலும் அது வற்றுவதில்லை. கிணறு வறண்ட வேளையில் அருகில் ஓடும் நீரை இறைத்துப் பயிரைக் காப்பாற்றும் உழவர்மீது குற்றம் சுமத்துவது நம் கருத்தன்று. அந்நீரில் வேறு என்னென்ன கலந்தன என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டுக் கழிவுநீரில் மிகுந்திருப்பவை நோய்க்கிருமிகள். அதனோடு முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை, பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் இடம், வாகனப் பழுதுபார்க்கும் கூடம் ஆகியவற்றின் கழிவும் சேருமாயின் உலோகங்களும் நீரில் கலக்கின்றன. ஆகவே இடர் இரு வகைப்படும். கிருமிகளால் வருவது சில நாள்களில் வெளிப்படும். உலோகங்களால் வருவது பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். இவ்விரண்டையும் தடுக்கும் முறைகள் வேறு வேறு.

பெயரில் ஒரு தெளிவு

நம் வழக்கில் 'ஈயம்' என்னும் சொல் இரு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயத்தால். அது நஞ்சன்று. மின்கலத்திலும் பழைய வண்ணப்பூச்சிலும் இருப்பது காரீயம். அதுவே நஞ்சு. வெள்ளீயத்தின் விலை அதிகம் என்பதால் மலிவான சொம்பிலும் பூச்சிலும் காரீயம் கலப்பதற்கு இடமுண்டு. புளிப்புச் சேரும்போது அது ரசத்தில் இறங்கும். ஆகவே ஈயப் பாத்திரத்தை நம்பகமான இடத்தில் மட்டும் வாங்க வேண்டும்.

உணவு தொடர்பாகப் பேசும்போது காரீயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக், பாதரசம் ஆகிய ஐந்தையும் முதன்மையாகக் கருத வேண்டும். இவை மட்கிப் போவதில்லை. பூச்சிக்கொல்லிகளுள் பல வெயிலிலும் மண்ணிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். உலோகமோ மண்ணில் சேர்ந்தபின் பல தலைமுறைகள் அங்கேயே தங்கிவிடும். இந்தியாவில் காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலுடன் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக வண்டிப்புகை வழியே சாலையோர மண்ணில் படிந்த காரீயம் இன்னும் அங்கிருந்து நீங்கவில்லை.

செடி எதை எடுத்துக்கொள்கிறது?

எல்லாக் காய்கறிகளும் ஒரே அளவில் உலோகத்தை ஏற்பதில்லை. பொதுவான வரிசை இது: இலைகளில் மிகுதி, கிழங்கிலும் வேரிலும் அதற்கு அடுத்த அளவு, காய்களிலும் விதைகளிலும் குறைவு. வேர் உறிஞ்சும் நீர் முழுவதும் இலையை நோக்கிச் சென்று அங்கே ஆவியாகிறது. நீருடன் வந்த உலோகம் இலையிலேயே தங்கிவிடுகிறது. முற்றிய இலையில் அது மேலும் சேர்கிறது. ஆகவே அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பசலை ஆகியவற்றில் கவனம் மிகுதியாகத் தேவை. முள்ளங்கியும் காரட்டும் அடுத்த நிலையில் உள்ளன. வெண்டை, அவரை, புடலை, பீர்க்கு, சுரை போன்றவை பொதுவாகக் குறைவாகவே ஏற்கின்றன.

உலோகங்களின் இயல்பும் வேறுபடுகிறது. காட்மியம் நீரில் எளிதில் நகரும். வேர் வழியே உள்ளே சென்று இலைவரை ஏறும். காரீயம் மண்துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். செடிக்குள் அதிகம் ஏறாது. கீரையில் காணப்படும் காரீயத்தின் பெரும்பகுதி, இலைமீது படிந்த தூசியும் தண்டில் ஒட்டிய சேறுமே. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்தால் கழுவுவதால் எது போகும், எது போகாது என்பது எளிதில் விளங்கும்.

மண்ணின் தன்மைக்கும் இதில் பங்குண்டு. புளிப்புத்தன்மை மிகுந்த மண்ணில் காட்மியம் எளிதில் வேருக்குள் செல்லும். தொழுவுரமும் மட்கும் நிறைந்த மண்ணில் அது கட்டுண்டு கிடக்கும். ஒரே நீரைப் பாய்ச்சிய இரு வயல்களின் கீரைகள் ஒன்றுபோல் இராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈரமான வாய்க்கால் ஓரங்களில் தாமாகவே செழித்து வளரும். மருந்துக்கென்று அவற்றைப் பறித்து வருவோர் உண்டு. கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்துக் கீரையை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் பறிக்கக் கூடாது. உலோகம் மிகுந்த இலைக்குத் தனி நிறமோ மணமோ சுவையோ கிடையாது.

நம் மாநிலம் கண்ட பாடம்

மண்ணில் சேரும் உலோகம் எத்தகைய விளைவைத் தரும் என்பதைத் தமிழ்நாடு பாலாற்றங்கரையில் கண்டது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்று அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் வளாகத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. தொழிற்சாலை மூடப்பட்டதோடு அந்தக் கழிவின் தீங்கு முடிந்துவிடவில்லை.

அதே தீர்ப்பு நமக்கு அண்டையிலுள்ள திண்டுக்கல் பகுதித் தோல் தொழிற்சாலைகளையும் சுட்டியது. மதுரைச் சந்தைக்கு வரும் காய்கறி மதுரை வயல்களில் மட்டும் விளைந்ததன்று. திண்டுக்கல், தேனி, ஒட்டன்சத்திரம் பகுதிகளிலிருந்தும் மாட்டுத்தாவணிக்கும் பரவைக்கும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஆகவே ஓர் ஊரின் மண்ணும் நீரும் கெட்டால் அந்த இழப்பு அவ்வூரோடு நிற்பதில்லை.

உலகம் கண்ட கொடிய எடுத்துக்காட்டு ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் நிகழ்ந்தது. மலைமேல் இருந்த காமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. ஆற்றுநீர் நெல்வயல்களில் பாய்ந்தது. நெல்லில் காட்மியம் சேர்ந்தது. அவ்வரிசியைப் பல்லாண்டுகள் உண்டவர்களின் சிறுநீரகங்கள் கெட்டன. எலும்புகள் மென்மையாகி, இருமினாலே விலா எலும்பு முறியும் நிலை ஏற்பட்டது. அந்நோயை மக்கள் 'இத்தாய் இத்தாய்' என்றழைத்தனர். 'வலிக்கிறது, வலிக்கிறது' என்பது பொருள். ஜப்பானிய அரசு 1968-இல் அதைச் சூழல் மாசினால் வந்த நோய் என ஏற்றுக்கொண்டது. வயல்களின் மண்ணைச் சீரமைக்கும் பணி 2012-இல்தான் நிறைவுற்றது. மிகுதியாகத் துன்புற்றவர்கள் பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயது கடந்த பெண்கள் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மதுரை, தொயாமா ஆகிவிட்டது என்று நாம் கூறவில்லை. அங்கே ஒரு சுரங்கத்தின் கழிவு நாள்தோறும் உண்ணும் முதன்மை உணவிலேயே கலந்தது. ஆயினும் ஆறு, வயல், அடுக்களை, சிறுநீரகம் என்னும் அவ்வழி எங்கும் ஒன்றே.

உடலுக்குள் நிகழ்வது

காட்மியம் உடலில் நுழைந்தால் பெரும்பாலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் தங்கும். உடலில் சேர்ந்த அளவு பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அது முதலில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைத் தாக்கும். புரதம் சிறுநீரில் கசியும். பின்னர் எலும்பின் சுண்ணாம்புச் சத்தும் குறையும். புகையிலைச் செடி காட்மியத்தை நன்கு உறிஞ்சும் இயல்புடையது. புகைபிடிப்பவர்க்குக் கீரையைவிடப் பெரிய காட்மிய ஊற்று அவர் கையிலுள்ள பீடியே. கீரைக்கு அஞ்சிக்கொண்டு பீடியை விடாதிருப்பதில் பயனில்லை.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாவதைத் தடுக்கும். பெரியவர்க்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும். உட்கொண்ட காரீயத்தில் பெரியவர் உடல் ஏற்பதைப்போல் நான்கு, ஐந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்கும். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கருவுற்ற காலத்தில், தாயின் எலும்பில் முன்பே படிந்திருந்த காரீயம் கரைந்து கருவுக்கும் செல்லக்கூடும்.

அளவை அறிய ஒரு சிறு கணக்கு உதவும். பன்னாட்டு உணவுத் தரநெறியான கோடெக்ஸ், ஒரு கிலோ கீரையில் காட்மியம் 0.2 மில்லிகிராமுக்கும் காரீயம் 0.3 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது என்கிறது. ஒருவர் தாங்கக்கூடிய காட்மியம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2010-இல் வகுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது மாதம் 1,250 மைக்ரோகிராம்; அதாவது நாளொன்றுக்குச் சுமார் 42. வரம்பின் விளிம்பில் உள்ள கீரையை 100 கிராம் உண்டால் உட்செல்வது 20 மைக்ரோகிராம். வாரம் மூன்று நாள் உண்டால் 60; அவ்வாரத்துக்கான அளவோ ஏறத்தாழ 290. ஆகவே வரம்புக்குள் இருக்கும் கீரையை அளவோடு உண்பது பாதுகாப்பானது. வரம்பைப் போல் மூன்று மடங்கு காட்மியம் உள்ள கீரையை ஒரே இடத்தில் வாங்கி நாள்தோறும் உண்டால், கீரையிலிருந்து மட்டுமே நாளொன்றுக்கு 60 மைக்ரோகிராம் சேர்ந்து அளவு மிஞ்சிவிடும். இடரைப் பெருக்குவது 'ஒரே இடம், ஒவ்வொரு நாளும்' என்னும் பழக்கமே.

கீரையை நிறுத்தினால் என்ன ஆகும்?

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். சிறுகுடலில் இரும்பை உள்ளே கொண்டுசெல்லும் வாயில் ஒன்று உண்டு. உடலில் இரும்பு குறைந்தால் அவ்வாயில் அகலத் திறக்கும். வருவது இரும்பா காட்மியமா என்று அதற்கு முழுமையாகப் பிரித்தறியத் தெரியாது. ஆகவே இரத்தசோகை உள்ளவரின் குடல், அதே உணவிலிருந்து பிறரைவிட மிகுதியான காட்மியத்தை ஏற்கிறது. இரும்பும் சுண்ணாம்பும் குறைந்த குழந்தையின் உடல் காரீயத்தையும் அவ்வாறே மிகுதியாக ஏற்கிறது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. அதாவது, நம் வீடுகளில் சமைக்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்நச்சுக்கு வாயிலைத் திறந்துவைத்த நிலையில் உள்ளனர். அச்சத்தால் கீரையையும் காயையும் நிறுத்தி வெறும் சோறும் இட்லியும் உண்டால் இரும்பு மேலும் குறையும். வாயில் மேலும் திறக்கும். அரிசியிலிருந்தும் நீரிலிருந்தும் வரும் உலோகம் மிகுதியாக உட்புகும். இரும்பும் சுண்ணாம்பும் நிறைந்த உடலே உலோக நச்சுக்கு எதிரான முதல் அரண்.

எனவே எங்கள் விடை இது: கீரையை விட வேண்டாம். வாங்கும் இடத்தையும் கழுவும் முறையையும் மாற்றுங்கள். மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரையை இடையில் நிறுத்தாதீர்கள். கீரை உண்ணும் வேளையில் எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்கு ஏறும். உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காப்பியும் தவிர்க்க வேண்டும். கேழ்வரகு, எள், மோர், பால் ஆகியவை சுண்ணாம்புச் சத்தை நிரப்பும்.

அடுக்களையில் செய்ய வேண்டியவை

1. கீரைக்கட்டை அவிழ்த்து, வேரையும் சேறு ஒட்டிய அடித்தண்டையும் நறுக்கி எறியுங்கள். பழுத்த இலைகளையும் முற்றிய வெளியிலைகளையும் நீக்குங்கள்.

2. அகன்ற பாத்திரத்தில் நிறைய நீர் வைத்துக் கீரையை அமிழ்த்தி அலசுங்கள். பின்னர் கீரையை மேலே எடுத்துவிட்டு நீரைக் கொட்டுங்கள். நீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மீண்டும் இலையிலேயே படியும். இவ்வாறு மூன்று முறை அலசி, இறுதியில் ஓடும் நீரில் காட்டுங்கள்.

3. கழுவிய பின்னரே நறுக்குங்கள்.

4. முள்ளங்கி, காரட், உருளை, பீட்ரூட் ஆகியவற்றை மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவி எறியுங்கள்.

5. புளி கரைத்த நீரிலோ உப்பு நீரிலோ ஊறவைப்பது, பூச்சியையும் மேலே படிந்த மருந்தின் ஒரு பகுதியையும் நீக்கும். அதன்பின் நல்ல நீரில் அலச வேண்டும். சிறுநீரக நோயும் இரத்தக்கொதிப்பும் உள்ளவர்கள் உப்பு தங்காதபடி இதைத் தவறாது செய்ய வேண்டும்.

6. கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, பச்சை வெங்காயம் போன்று சமைக்காமல் உண்பவற்றில் கிருமி இடர் மிகுதி. குடற்புழு, சீதபேதி, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை இவ்வழியே பரவும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், கருவுற்றோர், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு இவற்றை வேகவைத்தோ வதக்கியோ கொடுங்கள். ரசத்தின்மீது தூவும் மல்லித்தழையையும் கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள்.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் அழியாது. கழுவினால் மேலே ஒட்டிய காரீயம் பெருமளவு போகும். இலைக்குள் ஏறிய காட்மியம் போகாது. குடிநீருக்கும் இது பொருந்தும். கிணற்று நீரைக் காய்ச்சும்போது நீர் ஆவியாகி, அதிலுள்ள உலோகமும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் செறிவு மிகும். ஆகவே காட்மியத்துக்கு ஒரே தடுப்பு, வாங்கும் இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருப்பதுதான்.

சந்தையில் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்பதால் அங்கே நாம் நேரடியாகக் கேட்க முடியும். "எந்த ஊருங்கய்யா? கிணற்றுப் பாசனமா, வாய்க்கால் பாசனமா?" என்று பணிவோடு கேளுங்கள். ஓரிருவர் தயங்கலாம், பெரும்பாலோர் மகிழ்ந்து கூறுவர். பலர் கேட்கத் தொடங்கினால் நல்ல நீரில் விளைவித்தவர்க்கு மதிப்புக் கூடும்.

ஒரே கடையில், ஒரே கீரையை நாள்தோறும் வாங்காதீர்கள். ஒரு நாள் அரைக்கீரை, ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் அகத்திக்கீரை என மாற்றுங்கள். முருங்கையும் அகத்தியும் மரத்தில் விளைபவை. சேறு தெறித்துப் படிய வாய்ப்புக் குறைவு. வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை இருந்தால் அதைவிட நல்ல கீரைக் கடை இல்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் திறந்துவைத்து விற்கும் கீரையில் தூசி மிகுதியாகப் படியும். வேறு வழியில்லையெனில் இன்னும் ஒரு முறை கூடுதலாகக் கழுவுங்கள்.

மாடித்தோட்டம் வைப்போர், மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். கண்மாய் தூர்வாரிய வண்டல் செழிப்பானதுதான். நகருக்குள் உள்ள கழிவுநீர்க் கண்மாயின் வண்டலைக் கீரைக்கு இடாதீர்கள், பூச்செடிக்கு இடுங்கள். குப்பை எரித்த சாம்பல், பழைய வண்ணப்பூச்சு உதிரும் தகரம், உடைந்த மின்கலப் பெட்டி ஆகியவற்றைத் தொட்டியாகவோ உரமாகவோ பயன்படுத்தாதீர்கள்.

சிலருக்குத் தனிக் குறிப்பு

சிறுநீரக நோயாளர்: கீரையிலுள்ள பொட்டாசியம் காரணமாக உங்களுக்குரிய அளவை மருத்துவரே வகுத்திருப்பார். நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டு உண்பது உங்கள் முறை. இக்கட்டுரையைப் படித்து அவ்வளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர்: கீரையைத் திடீரென நிறுத்தினாலும் திடீரெனக் கூட்டினாலும் மருந்தின் வேகம் மாறும். வாரந்தோறும் ஒரே அளவைக் கடைப்பிடியுங்கள்.

பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகளை உட்கொள்வோர்: அவற்றைத் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டுமே பெறுங்கள், எங்கள் மருத்துவரிடமும் மறைக்காமல் கூறுங்கள். நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம். இரத்தப் பரிசோதனையின் பொருளை அறிய அச்செய்தி எங்களுக்குத் தேவை.

மின்கலம், முலாம், சாயம், வண்ணப்பூச்சுத் தொழில் செய்வோர்: வேலை உடையைக் களைந்து, கைகால் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். கீரையைவிட அதிகக் காரீயம் சட்டையில் வீட்டுக்கு வரக்கூடும்.

எப்போது பரிசோதனை தேவை?

எல்லாரும் உலோகப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை. இரும்பு மாத்திரை உண்டும் தீராத இரத்தசோகை, குழந்தையின் கற்றலிலும் நடத்தையிலும் காணும் பின்னடைவு, அடிக்கடி வரும் காரணம் தெரியாத வயிற்றுவலி, மண் தின்னும் பழக்கம், காரணம் புலப்படாத சிறுநீரகக் குறைபாடு ஆகியவை இருந்தால், எங்கு வசிக்கிறீர்கள், என்ன தொழில், எந்த நீர் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள். தேவையெனில் அவர் இரத்தத்தில் காரீய அளவைப் பார்ப்பார். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது வரும் வழியைக் கண்டறிந்து தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 'உடல் நச்சை நீக்கும்' என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் கஷாயங்களையும் வாங்கி ஏமாறாதீர்கள். உலோகத்தை வெளியேற்றும் உண்மையான மருந்துகள் மருத்துவமனையில், கண்காணிப்பில் மட்டுமே தரத்தக்கவை.

கழிவுநீர் வாய்க்காலை ஒட்டி ஆழ்துளைக் கிணறு உடையோர், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்துக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01, காட்மியம் 0.003, ஆர்செனிக் 0.01 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. உழவர்கள் பெறும் மண்வள அட்டை, சத்துகளைக் காட்டும். காரீயத்தையும் காட்மியத்தையும் காட்டாது. அவற்றுக்குத் தனியாகச் சோதனை கேட்க வேண்டும்.

நினைவில் நிறுத்த

கிருமிக்கு நெருப்பு, தூசிக்கு நீர், உள்ளேறிய உலோகத்துக்கு மாற்றி மாற்றி வாங்குதல், இவை அனைத்துக்கும் மேலாக இரும்பு குறையாத உடல். இந்நான்கும் ஒவ்வொரு வீட்டின் கையில் உள்ளவை.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது ஊரின் கையில் உள்ளது. பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கும் இடத்தைக் கண்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுதித் தெரிவிப்பது நம் கடமை. பழைய மின்கலத்தையும் குழல்விளக்கையும் குப்பையோடு வாய்க்காலில் வீசாதிருப்பதும் அவ்வாறே. நாம் இன்று கண்மாயில் எறிவது, ஒரு நாள் நம் இலையில் பரிமாறப்படும்.

அடுத்த முறை மருத்துவர் "கீரை சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறும்போது அஞ்ச வேண்டாம். "எந்தக் கீரை, எங்கே வாங்குவது, எப்படிக் கழுவுவது?" என்று கேளுங்கள். விடை கூற நாங்கள் காத்திருக்கிறோம்.